ஆயத்த அறைகலன் மாற்றியமைப்பு

ஆயத்த அறைகலன் மாற்றியமைப்பு என்பது, தொழிற்சாலையில் செய்து விற்கப்படும் புத்தக அலமாரி, இழுப்பறைப் பெட்டி போன்ற சேமிப்பு அறைகலன்களை, வாங்குபவர் தமது வீட்டின் அளவுக்கும் தேவைக்கும் ஏற்பத் தாமே வெட்டியும் இணைத்தும் வண்ணம் பூசியும் மாற்றிக்கொள்வது ஆகும். சுவீடனில் தோன்றிய ஐக்கியா நிறுவனத்தின் பொருட்கள் இதற்குப் பெரிதும் பயன்படுவதால், இது "ஐக்கியா ஹேக்" என்றும் அழைக்கப்படுகின்றது. தச்சரிடம் செய்விப்பதைவிடச் செலவு குறைவு என்பது இதன் முதன்மையான நன்மை. எனினும், உற்பத்தியாளர் கணித்த வலிமையும் சமநிலையும் இம்மாற்றங்களால் குலையக்கூடும்.

வரலாறு

ஐக்கியா நிறுவனம் 1943 ஆம் ஆண்டில் இங்வார் காம்பிராட் என்பவரால் தொடங்கப்பட்டது. 1950களில் அங்கு பணியாற்றிய யில்லிஸ் லுண்ட்கிரென், ஒரு மேசையை மகிழுந்தில் ஏற்றுவதற்காக அதன் கால்களைக் கழற்றினார். அறைகலன்களைப் பகுதிகளாகத் தட்டையான பெட்டியில் விற்று, வாங்குபவரே பொருத்திக்கொள்ளச் செய்யும் முறை இதன் பின்னர் அந்நிறுவனத்தில் வேரூன்றியது. பரவலாக மாற்றியமைக்கப்படும் "பில்லி" புத்தக அலமாரியை 1979 இல் வடிவமைத்தவரும் இவரே.

பகுதிகளாகக் கிடைக்கும் பொருளை வேறு விதமாகவும் பொருத்த இயலும் என்பதே மாற்றியமைப்புக்கு வழிகோலியது. 2014 இல் "எக்ஸ்பெடிட்" என்னும் கட்ட அலமாரி நிறுத்தப்பட்டு, "கல்லாக்ஸ்" அதன் இடத்தைப் பிடித்தது. கட்டங்களின் உள்ளளவு மாறாததால், பழையதற்கு வாங்கிய செருகுபெட்டிகள் புதியதிலும் பொருந்தின.

கட்டுமானப் பொருள்

இத்தகைய அலமாரிகள் பெரும்பாலும் துகள் பலகையால் ஆனவை. மரத்துகள்களைப் பசையுடன் கலந்து, வெப்பத்தில் அழுத்தி உருவாக்கப்படும் இப்பலகையின் மேல் மெலமைன் அல்லது காகிதப் படலம் ஒட்டப்படுகின்றது. வெட்டிய விளிம்பு ஈரத்தை உறிஞ்சி உப்பிவிடும் என்பதால், அதனை விளிம்புப் பட்டையால் மூடவேண்டும். ஒரே துளையில் திருகாணியைப் பலமுறை கழற்றி முறுக்கினால் துளை தளர்ந்துவிடும்.

கல்லாக்ஸ் அலமாரியின் தடித்த பலகைகளின் உட்புறத்தில் தேன்கூடு வடிவக் காகிதமே உள்ளது. இதனை வெட்டினால் உள்வெற்றிடம் வெளிப்படும். பலகையின் நடுப்பகுதியில் திருகாணியும் உறுதியாகப் பற்றாது.

பொதுவான மாற்றங்கள்

• வண்ணம் பூசுதல்: வழவழப்பான படலத்தில் வண்ணம் நேரடியாக ஒட்டாது. உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, தூசியைத் துடைத்து, பிரைமர் பூசிய பின்னரே வண்ணம் பூசப்படும்.
• சுவரோடு பொருந்திய அலமாரி: பில்லி அலமாரிகள் பலவற்றை மரச்சட்ட மேடையின் மீது அருகருகே நிறுத்தி, இடைவெளிகளை மரப்பட்டிகளால் மறைப்பர்.
• கதவு பொருத்துதல்: மறைகீல்களுக்காகக் கதவில் பொதுவாக 35 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழி குடையப்படும்.
• இருக்கையாக்குதல்: கட்ட அலமாரியைக் கிடையாக வைத்து, மேலே மெத்தை இடுவர். பாரத்தை நேராகத் தாங்கும் பலகைகள் எவை என்பதை முன்னரே அறிதல் வேண்டும்.

பாதுகாப்பு

அழகுக்காகப் பின்பலகையை நீக்குவதுண்டு. அப்பலகை மெல்லியது எனினும், சட்டகம் பக்கவாட்டில் கோணுவதைத் தடுப்பது அதுவே. நீக்கினால், உலோகக் கோணப்பட்டையோ குறுக்குச் சட்டமோ பொருத்தவேண்டும்.

உயரமான கால்கள், சக்கரங்கள், மேலே அடுக்கும் பெட்டிகள் ஆகியன அலமாரியின் ஈர்ப்பு மையத்தை உயர்த்துகின்றன. இழுப்பறைகளைத் திறக்கும்போது அம்மையம் முன்னோக்கி நகர்கின்றது. திறந்த இழுப்பறையில் குழந்தை ஏறினால் அலமாரி கவிழக்கூடும். சுவரில் பிணைக்கப்படாத இழுப்பறை அலமாரிகள் கவிழ்ந்து குழந்தைகள் இறந்ததை அடுத்து, ஐக்கியா 2016 இல் ஐக்கிய அமெரிக்காவில் "மால்ம்" உட்பட ஏறத்தாழ 2.9 கோடி அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. துணி வைக்கும் அலமாரிகளுக்கு நிலைத்தன்மைச் சோதனையைக் கட்டாயமாக்கும் சட்டம் அந்நாட்டில் 2022 இல் இயற்றப்பட்டு, அதற்கான விதிகள் 2023 இல் நடைமுறைக்கு வந்தன.

இச்சோதனைகள் விற்கப்படும் நிலையில் உள்ள பொருளுக்கே உரியவை. வீட்டில் மாற்றியமைத்த பின்னர் அவற்றின் முடிவு பொருந்தாது. ஆகவே மாற்றம் எதுவாயினும், அலமாரியின் மேற்பகுதியைச் சுவரில் பிணைத்தல் இன்றியமையாதது. செங்கற் சுவராயின் துளையில் பிளாஸ்டிக் பிளக் செருகித் திருகாணி முறுக்கப்படும். மரச்சட்டகச் சுவராயின் உள்ளிருக்கும் சட்டத்திலேயே திருகாணி இறங்கவேண்டும்.