188-க்கு 36 குறைவு
(மூன்று வாசல்கள் – அத்தியாயம் 9)

விக்கிரவாண்டியில் ட்ரங்க் ரோட்டிலிருந்து தஞ்சாவூர் சாலை பிரிகிறது. திண்டிவனம், விழுப்புரம், கடலூர் எல்லாமே அன்று தென்னாற்காடு என்ற ஒரே ஜில்லா. 1952 ஜனவரியில் இந்த ஊர்களின் ஜனங்கள் முதன்முதலாக எல்லோருக்குமான வாக்குரிமையோடு வரிசையில் நின்றார்கள்.

வேட்பாளருக்கு ஒரு பெட்டி; பெட்டிமேல் சின்னம். ஒரு ரூபாய் நோட்டளவே இருந்த சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, காங்கிரசின் இரட்டைக் காளைப் பெட்டியைத் தாண்டிப் போனவர்கள் இந்தப் பக்கம் ஏராளம். எஸ்.எஸ். இராமசாமி படையாச்சியாரின் உழைப்பாளர் கட்சிக்கு 19 இடம் கிடைத்தது.

அந்த 19-க்கு ஏன் அத்தனை மதிப்பு? சென்னை மாகாண சட்டசபையில் மொத்தம் 375 இடம். ஆட்சி அமைக்க 188 வேண்டும். காங்கிரசுக்குக் கிடைத்தது 152. முதலமைச்சர் குமாரசாமி ராஜாவே தோற்றுப்போனார். எதிரணியினர் ஆந்திர கேசரி பிரகாசத்தைத் தலைவராக்கி, தங்களுக்கே பெரும்பான்மை என்று கவர்னரிடம் உரிமை கோரினார்கள்.

கவர்னர் ஸ்ரீபிரகாசா அழைத்தது ராஜாஜியை. 73 வயது ராஜாஜி தேர்தலில் நிற்கவே இல்லை. கலை, இலக்கியம், அறிவியல், கூட்டுறவு, சமூக சேவை ஆகியவற்றில் தேர்ந்தவர்களுக்காக மேல்சபையில் ஒதுக்கிய நியமன இடத்தில் அவரை உட்காரவைத்தார் கவர்னர். ஏப்ரல் 10 அன்று ராஜாஜி முதலமைச்சராகப் பதவியேற்றார்.

சட்டத்தின் எழுத்து அதற்கு இடம் கொடுத்திருக்கலாம். ஆனால் ஜனவரி வெயிலில் வரிசையில் நின்றவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. அவர்கள் பெட்டியில் போட்டது சட்டசபைக்கான சீட்டு; முதலமைச்சரோ கவர்னரின் பேனாவிலிருந்து வந்தார்.

கம்யூனிஸ்ட் தலைவர் பி. இராமமூர்த்தியும் விடவில்லை. நியமனம் செல்லாது என்று ஹைகோர்ட் படியேறினார். அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து அப்போது இரண்டே வருடம். அதன் 361-ஆவது பிரிவோ, தன் அதிகாரத்தைச் செலுத்தியதற்காகக் கவர்னர் எந்த நீதிமன்றத்துக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்கிறது. அப்படியானால் கவர்னரின் பேனாவை யார்தான் தட்டிக் கேட்பது?

கேட்கக்கூடிய இன்னொரு இடம் சட்டசபை. அங்கே தலையை எண்ணித்தான் ஆக வேண்டும். 152-ஐ வைத்துக்கொண்டு ராஜாஜி எத்தனை நாள் தாங்குவார்? கோட்டையிலிருந்த எல்லார் கண்ணும் தென்னாற்காட்டின் பக்கம் திரும்பியது. படையாச்சியாரின் 19 பேர் எந்தப் பக்கம் உட்காருவார்கள்?

(தொடரும்)