தனி ஒருவருக்கு ஒரு கோப்பைக் காப்பி

காப்பி தமிழருடைய வீட்டுப் பானம். அதை இன்னும் சரியாகச் சொல்வதானால், குடும்பப் பானம் என்றே சொல்ல வேண்டும். விடியற்காலையில் ஒருவர் எழுந்து பில்டரில் பொடியிட்டு வெந்நீர் ஊற்றுவார். ஏழெட்டுப் பேர் அதன் பயனை அனுபவிப்பர். எத்தனை கரண்டிப் பொடி, எவ்வளவு நீர் என்று எவரும் எழுதிவைத்ததில்லை. கையே அளவுகோல், பழக்கமே சூத்திரம். ஆனால் அந்த வீட்டிலிருந்து ஒருவர் மட்டும் பிரிந்து, உத்தியோகத்தின் பொருட்டோ வாணிகத்தின் பொருட்டோ வேறு மாநிலத்தில் தனி அறையில் குடியேறும்போது, அந்தக் கையளவு அவருடன் வருவதில்லை. தமக்கு மட்டும் ஒரு கோப்பைக் காப்பி, அதுவும் நாள்தோறும் ஒரே தரத்தில் வேண்டும் என்று அவர் முயலும்போதுதான் அது எளிய காரியம் அன்று என்பது புலனாகிறது. ஒரு கோப்பைக் காப்பிக்கும் நெடிய வரலாறு உண்டு. அதைக் கொச்சித் துறைமுகத்தின் அண்டையிலுள்ள தோப்பும்படியில் இருந்துகொண்டு சொல்வது பொருத்தமே.

ஏனெனில், காப்பிச் செடி உலகைச் சுற்றிய பயணத்தில் இந்த மலையாளக் கரைக்கும் ஒரு பங்கு உண்டு. அரபு நாட்டிலிருந்து பாபா பூதன் என்னும் பெரியார் ஏழு விதைகளை இடுப்பில் மறைத்துக் கொணர்ந்து சிக்கமகளூர் மலையில் விதைத்தார் என்பது கர்ண பரம்பரை. அந்தக் கதை எவ்வாறாயினும், 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையில் காப்பிச் செடி இருந்தது என்பதில் ஐயமில்லை. 1663-இல் போர்ச்சுகீசியரிடமிருந்து கொச்சியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், அதனையே மலையாளக் கரையில் தமது தலைமை இடமாகக் கொண்டனர். அவர்களுடைய மலபார்த் தளபதி அட்ரியான் வான் ஓமன் 1696-இல் கண்ணூரிலிருந்து காப்பிக் கன்றுகளை ஜாவாத் தீவின் பட்டேவியாவுக்கு அனுப்பினார். அவை வெள்ளத்தில் அழிந்தன. 1699-இல் மீண்டும் கன்றுகள் சென்றன; இம்முறை வேரூன்றின. 1706-இல் ஜாவாவிலிருந்து ஒரு செடி ஆம்ஸ்டர்டாம் தோட்டத்தை அடைந்தது. அதன் வழித்தோன்றல் ஒன்று 1714-இல் பிரெஞ்சு மன்னர் 14-ஆம் லூயிக்குப் பரிசாகச் சென்றது. அமெரிக்கக் கண்டத்துக் காப்பித் தோட்டங்கள் பலவற்றின் மூதாதை இந்தச் செடிகளே. இன்று தோப்பும்படியில் ஒருவர் பிரேசில் காப்பியை வியந்து பருகினால், இக்கரையை விட்டுப் போன பிள்ளையின் பேரனை வரவேற்பதாகவே கொள்ளலாம்.

செடி நம் மலைகளிலேயே இருந்தும், பானம் நம் வீடுகளுக்கு வர நெடுங்காலம் ஆயிற்று. 19-ஆம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டு உழைப்பாளிகள் ஆயிரக்கணக்கில் கடல் கடந்தும் காட்டுவழி நடந்தும் சென்றனர். 1869-இல் அங்கே இலைத்துரு நோய் தோன்றிக் காப்பி அழிந்த பின்னர், தேயிலை அந்த மலைகளைப் பிடித்துக்கொண்டது. காப்பியைப் பறித்த அந்தக் கைகளுக்கு நீராகாரமும் கஞ்சியுமே காலை உணவு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கிப் படிப்படியாகவே நகரத்து வீடுகளில் காப்பி நுழைந்தது. நுழைந்தபோது வசை மொழிகளும் உடன் வந்தன. உடலுக்குக் கேடு, பணத்துக்குக் கேடு, பழைய சோற்றின் பெருமைக்குக் கேடு என்றெல்லாம் அன்றைய பத்திரிகைகள் எழுதின. எழுதியவர்களுள் எத்தனை பேர் எழுதுமுன் ஒரு தம்ளர் அருந்தினர் என்று கேட்பது நாகரிகம் அன்று.

இந்த இடத்தில், நாள் முழுதும் சொல்லுக்குச் சொல் தேடும் தொழிலில் இருப்பவன் என்ற உரிமையில் ஒரு சிறு விலகல். நாம் ‘டிக்காக்ஷன்’ என்கிறோம். இலத்தீன் வேர்ப்படி அதற்குக் கொதிக்கவைத்து எடுத்தது என்று பொருள். வைத்தியர் கூறும் கஷாயமே அது. ஆனால் பில்டரில் எதுவும் கொதிப்பதில்லை. கொதித்து இறக்கிய நீர் பொடியின் ஊடே தானே இறங்குகிறது. பொடியைப் பாத்திரத்திலிட்டுக் காய்ச்சித் துணியில் வடிகட்டும் முறைக்கே அப்பெயர் பொருந்தும். முறை மாறிய வீடுகளிலும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. தமிழில் ‘வடிநீர்’ என்று சொன்னால் அது சொல்லுக்கும் செயலுக்கும் பொருத்தமானது. எனினும் காலை ஆறு மணிக்கு எவரும் வடிநீர் கேட்கமாட்டார் என்பதையும் நான் அறிவேன்.

காய்ச்சுவதைவிட வடிப்பது மேல் என்று ஐரோப்பா உணர்ந்ததும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே. 1800-ஆம் ஆண்டையொட்டிப் பாரிஸில் ஓர் இரட்டைப் பாத்திரம் வழக்குக்கு வந்தது. மேற்பாத்திரத்தின் அடியில் துளைகள், அதில் பொடி, மேலே வெந்நீர், கீழ்ப்பாத்திரத்தில் வடிந்த காப்பி. பாரிஸ் பேராயர் டு பெல்லுவாவின் பெயரால் அது வழங்கிற்று. நம் பித்தளைப் பில்டரும் எவர்சில்வர் பில்டரும் அமைப்பில் அதற்குத் தம்பிமாரே.

அந்தப் பாத்திரத்தை அறிவியல் கண் கொண்டு நோக்கியவர் ரம்ஃபோர்டு பிரபு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1753-இல் பெஞ்சமின் தாம்சனாகப் பிறந்து, பவேரிய அரசில் பணியாற்றிப் பிரபுப் பட்டம் பெற்று, 1814-இல் பாரிஸின் அருகே காலமானவர். பீரங்கிக் குழாயைத் துளையிடும்போது எழும் வெப்பத்தை ஆராய்ந்து, வெப்பம் என்பது ஒரு பொருளன்று, இயக்கமே என்று 1798-இல் வாதிட்ட அதே அறிஞர், 1812-இல் காப்பி தயாரிப்பது பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அவர் கண்ட உண்மைகள் இரண்டு. வெந்நீரை ஊற்றும்போது பொடி கலங்கலாகாது. ஆகையால் அதன் மேல் துளையுள்ள ஒரு தட்டை வைத்து மெல்ல அமுக்க வேண்டும். நம் பில்டரில் ‘குடை’ என்று சொல்லும் காம்புள்ள தட்டு செய்வதும் இதே வேலைதான். பலர் அதனைத் தேவையற்ற உறுப்பென்று அலமாரியில் போட்டுவிடுகின்றனர், அது தவறு. இரண்டாவது உண்மை பொடிப் படுகையின் கனம் பற்றியது. படுகை ஏறத்தாழ மூன்றில் இரண்டு அங்குலம் இருக்கவேண்டும் என்றும், தயாரிக்கும் கோப்பைகளின் எண்ணிக்கைக்கேற்ப வடிகலத்தின் அகலம் மாறவேண்டும் என்றும் அவர் கூறினார்.

தனித்து வாழ்வோரின் இடர் முழுவதும் இந்த இரண்டாவது உண்மையில் அடங்கியுள்ளது. ஊரிலிருந்து வரும்போது அன்னையார் அன்புடன் தந்தனுப்பிய பெரிய பில்டரை எண்ணிப் பாருங்கள். அதன் அகலம் பத்து சென்டிமீட்டர் என்று கொள்வோம். ஒருவருக்கு வேண்டிய 20 கிராம் பொடியை அதில் பரப்பினால், படுகையின் உயரம் அரை சென்டிமீட்டருக்குச் சற்றே மிகும். வெந்நீர் எங்கே மெல்லியதோ அங்கே பாய்ந்து, சில நொடிகளில் கீழே போய்விடும். ஒரு பகுதிப் பொடி அளவு மீறிக் கரைந்து கசக்கும்; மறு பகுதி நனைந்ததோடு சரி. கிடைப்பது நிறமுள்ள நீர். ‘பொடி மோசம்’ என்று கடைக்காரரைக் குறை கூறுவோம். அதே 20 கிராமை ஐந்து சென்டிமீட்டர் அகலமுள்ள சிறு பில்டரில் இட்டால் படுகை நான்கு மடங்கு உயர்ந்து இரண்டரை சென்டிமீட்டரைத் தாண்டும். அகலம் பாதியானால் பரப்பு நான்கில் ஒன்றாகும் என்பது பள்ளிக் கணக்கே. நீர் மெல்ல, எங்கும் ஒரே சீராக இறங்கும். ஒருவருக்கான காப்பிக்கு முதல் தேவை நல்ல பொடிகூட அன்று, சிறிய பில்டர் என்பதே என் துணிபு.

கசப்புக்கும் ஒரு கணக்கு உண்டு. 1950-களில் அமெரிக்காவில் எர்னஸ்ட் லாக்ஹார்ட் என்ற இரசாயன அறிஞர் ஆராய்ந்தபோது, பொடியின் எடையில் 18 முதல் 22 விழுக்காடு நீரில் கரைந்து வந்தால் சுவை நன்று என்ற முடிவு கிடைத்தது. அதற்குக் குறைந்தால் சப்பென்றும் புளிப்பாகவும் இருக்கும்; மிகுந்தால் கசக்கும். நம் பாட்டிமார் இரண்டாம் டிக்காக்ஷனை மதிப்புக் குறைவாகக் கருதியதற்குக் காரணம் இதில் உள்ளது.

ஒரு கோப்பைக்காகவே பிறந்த கருவிகளும் உண்டு. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற இல்லத்தரசி, 1908-இல் ஒரு பித்தளைக் கிண்ணத்தில் ஆணியால் துளையிட்டு, மகனுடைய பள்ளி நோட்டுப் புத்தகத்தின் மை உறிஞ்சும் தாளை அதிலிட்டுக் காப்பியை வடித்தார். அந்த ஆண்டே உரிமையும் பெற்றார். இன்று பெரிய நகரங்களில் விலை உயர்ந்த காப்பிக் கடைகள் செய்து காட்டுவது அந்த அம்மையாரின் வித்தையே. ஆயினும் தாளில் வடித்த காப்பி மெல்லியது. பாலுக்கு ஈடு கொடுக்காது. கறுப்பாக அருந்துவோருக்கே அது உகந்தது.

உடனடிக் காப்பியின் வரலாறு வேறு வகை. 1931 முதல் 1944 வரை பிரேசில் நாடு, விலை வீழ்ச்சியைத் தடுக்கக் கோடிக்கணக்கான மூட்டைக் காப்பிக் கொட்டையை எரித்தது. மிகுந்த கொட்டையைக் கெடாமல் காக்கும் வழி தேடியதன் விளைவாக, சுவிட்சர்லாந்தில் நெஸ்லே நிறுவனம் 1938-இல் நெஸ்கபேயை வெளியிட்டது. தனியருக்கு இதைவிட உறுதியான முறை இல்லை. என்றும் ஒரே சுவை, ஒரே நிமிடம். என்றும் ஒரே சுவை என்பதுதான் அதன் குறையும். கொட்டை மறைந்து தூள் மட்டும் எஞ்சுகிறது.

கேரளத்தில் காப்பிக்கு மற்றொரு மரபும் உண்டு. 1950-களில் காப்பி வாரியம் தன் காப்பி விடுதிகளை மூடியபோது வேலை இழந்த தொழிலாளர், தோழர் ஏ. கே. கோபாலனின் ஊக்கத்தால் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்தனர். 1957-இல் பெங்களூரிலும் தில்லியிலும், 1958-இல் திருச்சூரிலும் அவ்விடுதிகள் பிறந்தன. விசிறித் தலைப்பாகை அணிந்த பணியாளர் கொணரும் அந்தக் கோப்பை, தனித்து வந்தவரையும் கூட்டத்தில் ஒருவராக்கும். ஆனால் அது விடியற்காலை நான்கு மணிக்குக் கிடைப்பதில்லை.

தோப்பும்படியில் அந்த நான்கு மணி முக்கியமானது. மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கும் ஆழ்கடல் விசைப்படகுகளில் குமரி மாவட்டத்துத் தூத்தூர் முதலிய கடற்கரை ஊர்த் தமிழர் பலர். பாலத்துக்கு அப்பால் வெலிங்டன் தீவில் துறைமுகமும் சுங்கமும். படகுக்காரர்களுக்கும் இரவுப் பணியாளருக்கும் கரை ஓரக் கடைகள் தருவது ‘சாய’. இல்லையேல் கட்டன் காப்பி. கொதிக்கும் நீரில் பொடியும் சர்க்கரையும் இட்டு இறக்கித் தெளிய வைத்த இந்தக் கறுப்புக் காப்பியை நம்மவர் ஏளனம் செய்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பாலும் பில்டரும் இல்லாத படகில், ஒருவருக்கு ஒரு கோப்பை என்ற வினாவுக்கு அதுவே நேர்மையான விடை. அடுப்பிலிருந்து இறக்கிய பின் பொடியை இட்டு, மூடி, நான்கு நிமிடம் பொறுத்தால் போதும். பொடியைக் கொதிக்கவிடாததே அதில் நுட்பம்.

அறையும் அடுப்பும் பாலும் உள்ளவர்க்கு நான் கூறுவது சிறு பில்டரே. 20 கிராம் பொடி, அதாவது மேசைக் கரண்டியால் குவித்து இரண்டு அல்லது மூன்று. குடையால் மெல்ல அமுக்கி, கொதித்து அரை நிமிடம் அடங்கிய நீர் 100 மில்லிலிட்டர். பொடி தன் எடையைப்போல் இருமடங்கு நீரைத் தானே வைத்துக்கொள்ளும்; ஆகவே கீழே இறங்குவது 60 மில்லிலிட்டர் அளவே. அதற்கு நூறு மில்லிலிட்டர் பால். சிக்கரி விரும்புவோர் விரும்பலாம். அது நீரில் மிகுதியாகக் கரைந்து கருமையும் கனமும் தரும். பெயரளவில் காப்பியாக இருக்க நம் நாட்டுச் சட்டப்படி கலவையில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையலாகாது. இரவு படுக்குமுன் நீரை ஊற்றிவிட்டால், காலையில் பாலைச் சுடவைப்பது ஒன்றே வேலை. இரவெல்லாம் இருந்த டிக்காக்ஷன் மணம் சற்றுக் குறையும் என்பர்; ஐந்து மணிக்குப் படகுத்துறைக்கோ அலுவலகத்துக்கோ புறப்படுபவர் அந்த இழப்பைப் பொறுத்துக்கொள்வார்.

கொச்சியில் வாழ்வோருக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. பாய்மரக் கப்பல்களில் மாதக்கணக்கில் ஐரோப்பா சென்ற மலபார்க் கொட்டை, கடற்காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பருத்து வெளிர்மஞ்சள் நிறமாயிற்று. அந்தச் சுவைக்கு அங்கே மதிப்பு உண்டாயிற்று. 1869-இல் சூயசுக் கால்வாய் திறந்து பயணம் குறுகியபின், அதே மாற்றத்தை உண்டாக்க இக்கரைக் கிடங்குகளில் தென்மேற்குப் பருவக் காற்றில் கொட்டையைப் பரப்பி வைக்கும் வழக்கம் ஏற்பட்டது. ஆனால் பச்சைக் கொட்டைக்கு நன்மை செய்யும் அந்த ஈரம், வறுத்து அரைத்த பொடிக்குப் பகை. ஜூன் முதல் செப்டம்பர் வரை கால் கிலோப் பொட்டலம் வாங்காதீர்கள். நூறு கிராமாக வாங்கி, இறுக மூடும் சிறு டப்பாவில் வையுங்கள். பில்டரின் துளைகளையும் வாரம் ஒருமுறை வெறுந்தணலில் காட்டித் தட்டிவிடுங்கள்.