ஹெலிகாப்டர்கள் ஏன் காத்துக் கிடந்தன?

சிமுலேட்டரில் ஒரு விமானி போர்ப்பயிற்சி எடுக்கிறார் என்றால், எதிரி விமானத்தை ஓட்டுவது யார்? ரொம்ப நாள் அதற்கும் ஆட்களையே உட்கார வைத்தார்கள். ஒருவருக்குப் பயிற்சி கொடுக்க நாலு பேர் என்றால் கட்டுப்படியாகுமா? அதனால் 1990களில், மனிதரைப் போலவே முடிவெடுக்கும் மென்பொருளை அந்த இருக்கையில் உட்கார வைத்தார்கள். இதற்கு ஏஜென்ட் என்று பெயர். (முகவர் என்று எழுதினால் எல்.ஐ.சி. ஞாபகம் வருகிறது, அதனால் ஏஜென்ட் என்றே வைத்துக்கொள்கிறேன்!)

ஆஸ்திரேலியாவில் ஆனந்த் ராவும் மைக்கேல் ஜார்ஜெஃபும் நம்பிக்கை, விருப்பம், உறுதி என்று மூன்றாகப் பிரித்து ஏஜென்டை அமைத்தார்கள். அமெரிக்காவில் மனித சிந்தனையை ஆராய உருவான 'சோர்' மென்பொருளின் மேல் 'டாக்ஏர்-சோர்' எழுந்தது. 5,200-க்கும் மேற்பட்ட விதிகள்! அக்டோபர் 1997-ல் நடந்த ஸ்டோ-97 ராணுவப் பயிற்சியில், 48 மணி நேரத்தில் 722 விமானப் பயணங்களை அதற்கு ஒதுக்கினார்கள்.

ஆனால் எனக்குப் பிடித்தது வேறு கதை. பிலானி பிட்ஸில் படித்துவிட்டு அமெரிக்கா போன மிலிந்த் தாம்பே, தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹெலிகாப்டர் ஏஜென்டுகளைச் செய்தார். தனித்தனியாக எல்லாம் கெட்டி. கூட்டாகப் பறக்கவிட்டால்தான் கூத்து. ஒருமுறை வேவு பார்க்க முன்னால் போன ஹெலிகாப்டர் மலையில் மோதி விழுந்தது. மற்றவை அதன் செய்திக்காக முடிவே இல்லாமல் காத்துக் கிடந்தன. இன்னொரு முறை பணி முடிந்ததும் தளபதி மட்டும் தளத்துக்குத் திரும்பிவிட்டது, கூட்டாளிகளை அங்கேயே விட்டுவிட்டு!

கவரைப்பேட்டையிலிருந்து லோக்கல் ரயிலில் சென்ட்ரல் கிளம்பும் நாலு பேரில் ஒருவன் பாதியில் இறங்கினால், மற்றவர்களுக்கு போனாவது போடுவான். 'எனக்குத் தெரிந்துவிட்டது' என்பதோடு முடியவில்லை, 'அவர்களுக்கும் தெரிய வேண்டும்' என்பதும் அவன் வேலையில் சேர்த்தி. இது நமக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. மென்பொருளுக்குச் சொல்லித்தான் தர வேண்டும். ஒவ்வொரு தவறுக்கும் ஒரு விதி என்று ஒட்டுப் போட்டுக்கொண்டே போகலாம், ஆனால் அடுத்து எங்கே கிழியும் என்று தெரியாது.

தாம்பே அதனால் கோஹன், லெவெக் இருவரின் 'கூட்டு நோக்கம்' கோட்பாட்டை எடுத்துக்கொண்டார். இலக்கு முடிந்தாலும், முடியாது என்று தெரிந்தாலும், அது குழு முழுக்கத் தெரியும்வரை யாருக்கும் விடுதலை இல்லை. அப்படி வந்ததுதான் 1997-ல் வெளியான 'ஸ்டீம்'. எந்தக் குழுவுக்கும் பொதுவான விதிகள் என்பதால், அதே விதிகளை ரோபோகப் கணினிக் கால்பந்திலும் இறக்கிப் பார்த்தார்கள்.

2007-ல் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் சோதனைச் சாவடிகளை எங்கே, எப்போது வைப்பது என்று சொல்லத் தொடங்கிய 'ஆர்மர்' மென்பொருளும் தாம்பே குழுவின் வேலைதான். அங்கே கணினி யூகிக்க வேண்டியிருந்தது விமானியின் மனதை அல்ல, சாவடிகளை நோட்டம் விட்டுக்கொண்டிருக்கும் ஆளின் மனதை.