சத்திரம் என்று நினைத்தவர்கள்

மதுரை மீனாட்சி கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே இருக்கும் புது மண்டபத்தை வெள்ளைக்காரர்கள் சத்திரம் என்றே எழுதிவந்தார்கள். 1792-ல் மதுரைக்கு வந்த ஓவியர்கள் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் அதை வரைந்து, பின்னால் லண்டனில் அச்சிட்டபோது, திருமலை நாயக்கரின் சத்திரம் என்று பெயரிட்டார்கள். 1858-ல் லினேயஸ் டிரைப் தம் பெரிய காமிராவைத் தூக்கிக்கொண்டு வந்து அதே தூண்களைப் படம் பிடித்தார். 1876-ல் இந்தியக் கட்டடக் கலைக்குச் சரித்திரம் எழுதிய ஜேம்ஸ் பெர்குஸனும் சத்திரம் என்ற சொல்லை விடவில்லை. ஆனால் அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. கோயில் சுவாமி ஆண்டுக்கு ஒரு முறை பத்து நாள் அரசனிடம் வந்து போவதற்காகக் கட்டியது என்று குறிப்பிடுகிறார்.

அப்படிப் பார்த்தால் அவர்கள் முழுக்கத் தவறிவிட்டதாகச் சொல்ல முடியாது. சத்திரம்தான். தங்க வந்தவர் சொக்கநாதர் என்பதுதான் வித்தியாசம். வைகாசி வெயிலில் வசந்த உற்சவத்துக்கு வரும் விருந்தாளிக்கென 333 அடி நீளம், 105 அடி அகலம், 124 தூண்கள். சுற்றிலும் நீர் ஓட வாய்க்கால். நடுவரிசைத் தூண்களில் விசுவநாதன் முதல் திருமலை வரை பத்து நாயக்க மன்னர்கள் கைகூப்பி நிற்கிறார்கள். வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று வரவேற்கிற தோரணை. மதுரையில் 'வருகையாளர் வசதி' என்ற சமாசாரத்தின் சரித்திரத்தை இங்கிருந்து தொடங்குவதுதான் நியாயம் என்று எனக்குப் படுகிறது. ஏனென்றால் இன்று அந்த வார்த்தையைப் பயன்படுத்துகிற அதிகாரிகளும் பொறியாளர்களும் ஒரு கற்பிதத்திலிருந்து புறப்படுகிறார்கள்: முதலில் நினைவுச் சின்னம் இருந்தது, பிறகு கூட்டம் வந்து சேர்ந்தது, ஆகவே சின்னத்தைக் கூட்டத்திடமிருந்து காப்பாற்ற வேண்டும். மதுரை விஷயத்தில் இது தலைகீழ். கூட்டத்தை உத்தேசித்தே இங்கே கல் நிறுத்தப்பட்டது.

திருமலை நாயக்கரைப் பற்றி ஊரில் எல்லோரும் சொல்லும் ஒரு செய்தி உண்டு. மீனாட்சி கல்யாணமும் தேரும் முன்பு மாசியில் நடந்தன. அவர் பெரிய தேர்களைச் செய்துவைத்தார். இழுக்க ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும். மாசியோ அறுவடைக் காலம், சுற்றுப்பட்டு கிராமத்து ஜனம் வயலில் கிடக்கும். ஆகவே திருவிழாவைச் சித்திரைக்குத் தள்ளினார். தேனூரில் ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்த அழகரையும் மதுரைப் பக்கம் திருப்பி இரண்டு விழாக்களையும் ஒன்றாக்கினார். சைவ வைணவ ஒற்றுமை என்று மேடையில் பேசுவதற்கு இது தோதான விஷயம்தான். எனக்கு இதில் படுவது வேறு. களத்து வேலை முடிந்து, கையில் கொஞ்சம் நெல்லும் காசும் உள்ள சமவெளி ஜனங்கள் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு எந்த மாதத்தில் வர முடியும் என்று கணக்குப் பார்த்து, தெய்வங்களின் நாட்காட்டியையே மாற்றிய ஒரு நிர்வாகம் அது. இன்றும் தேர் சித்திரை மாதத்தில் மாசி வீதிகளில் ஓடுகிறது. தெருவின் பெயர் பழைய மாதத்திலேயே நின்றுவிட்டது. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று ஒன்றைச் சுற்றி ஒன்றாக விரியும் தெருக்களுக்கு மாதங்களின் பெயர் இருப்பதைப் பற்றிப் பரவசப்படுகிறவர்கள், அவை போக்குவரத்துத் திட்டமும்தான் என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். தேர் திரும்பும் முனை எவ்வளவு அகலம் வேண்டும், வடம் பிடிக்கிறவர்கள் எங்கே நிற்பது என்பதெல்லாம் தெருவிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

கூட்டத்தை நான் காவியப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2022 ஏப்ரலில் அழகர் ஆற்றில் இறங்கியபோது நெரிசலில் இரண்டு பேர் இறந்தார்கள். கூட்டம் கொல்லவும் செய்யும். அதனால்தான் அதை யார், எந்த மனோபாவத்தோடு ஒழுங்கு செய்கிறார்கள் என்ற கேள்வி லேசானதல்ல.

அடுத்து ஒழுங்கு செய்தவர் கலெக்டர் பிளாக்பர்ன். 1834 முதல் 1847 வரை அவர் காலம். கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்க்க அவரிடம் பணமில்லை. இடிக்கிறவனுக்கே அந்த மண்ணைக் கொடுத்தார். அப்படித்தான் வெளி வீதிகள் பிறந்தன. உடன் வேலை பார்த்த சர்வேயர் மாரெட்டின் பெயரும் பெருமாள் மேஸ்திரியின் பெயரும் தெருக்களாகிவிட்டன. பிளாக்பர்னுக்கு நன்றியாக வைத்த விளக்குத்தூண் பஸ் நிறுத்தத்தின் பெயராகி, அது யாருக்கான விளக்கு என்பது மறந்துபோயிற்று. கோட்டையில் மிஞ்சியது கிழக்கே விட்டவாசல், மேற்கே ஒரு கொத்தளம். ஒரு நகரம் தன் சுவரை இழந்து மூச்சு விட்டது என்றும் சொல்லலாம், தன் உருவத்தின் எல்லைக்கோட்டை இழந்தது என்றும் சொல்லலாம், இரண்டும் நிஜம். 1875-ல் ரயில் வந்தது. ஸ்டேஷனுக்கு எதிரே ராணி மங்கம்மாள் பெயரில் உள்ள சத்திரம் யாத்ரிகர்களுக்குக் கைகொடுத்தது. 1901-ல் ஊரின் ஜனத்தொகை 1,05,984. 2011-ல், பழைய மாநகராட்சி எல்லைக்குள் மட்டும், பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. தெருக்களின் அகலம் அதேதான்.

வருகையாளர் என்று இப்போது சாதாரணமாக எழுதுகிறோம். 1939 ஜூலை 8-க்கு முன் இந்தக் கோயிலைப் பொறுத்தவரை அந்தச் சொல்லுக்குள் பாதி ஊர் இல்லை. அன்று வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட ஐந்து ஹரிஜனங்களையும் ஒரு நாடாரையும் அழைத்துக்கொண்டு உள்ளே போனார். கோயில் நிர்வாகத்தில் இருந்த ஆர். எஸ். நாயுடு கதவைச் சாத்தவில்லை. சிலர் கோயில் தீட்டுப்பட்டது என்று சன்னதியைப் பூட்டிப் பார்த்தார்கள். கூட்டக் கட்டுப்பாடு என்பதன் மிகப் பழைய வடிவம் இதுதான்: யார் கூட்டம், யார் தீட்டு என்று வகுப்பது. வரிசைக் கம்பிகளையும் விரைவு தரிசனச் சீட்டையும் பார்க்கும்போது இந்தத் தேதி நினைவில் இருப்பது நல்லது. ஜாதி போன இடத்தில் காசு வந்து நிற்கிறது. வங்கிக் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்து சம்பாதிக்கிறவன் எனக்கு வரிசையின் நியாயம் தெரியும். வரிசை எங்கே வளைகிறது என்பதும் தெரியும்.

புது மண்டபத்துக்குத் திரும்புகிறேன். வசந்த உற்சவத்தின் பத்து நாள் போக மீதி நாளெல்லாம் விருந்தாளி இல்லாத வீடு அது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்த வீட்டில் கடைகள் இருந்தன. கடைசியில் சுமார் முந்நூறு. பாத்திரம், வளையல், ரிப்பன், குங்குமம், கல்யாணச் சாமான். தூணுக்குத் தூண் தையல் மிஷின். பழைய பாடப் புத்தகங்கள், பஞ்சாங்கம், பெரிய எழுத்துக் கதைகள். அல்லி அரசாணி மாலையும் விக்கிரமாதித்தன் கதையும் நம்மில் பலருக்கு முதலில் கிடைத்த இடம் இந்த மாதிரிக் கடைதான். நவீன இலக்கியம் பேசுகிற நாம் அதை வெளியே சொல்லிக்கொள்வதில்லை. தையற்காரர்களில் முஸ்லிம்கள் கணிசம். அழகருக்கு நேர்ந்துகொண்டு தண்ணீர் பீய்ச்சுகிறவனுக்கும் திரி எடுக்கிறவனுக்கும் சல்லடமும் குல்லாயும் உருமாலும் தைத்துக் கொடுத்தவர்கள் அவர்கள். சாமிக்குச் சார்த்தும் பட்டுத் துணிக்கு ஜரிகை பிடித்தவர்களும் அங்கே இருந்தார்கள். திருமலை நாயக்கர் சிலையின் முழங்காலில் ஒரு டேப் தொங்கிக்கொண்டிருக்கும். கரும்பு தின்னும் கல் யானைக்குக் கீழே டிபன் கேரியர். கைலாயத்தைத் தூக்க முயலும் ராவணனுக்குப் பக்கத்தில் ஒருவர் பித்தான் துளை போட்டுக்கொண்டிருப்பார். வருஷத்தில் சுவாமி வரும் நாட்களில் நடுவிடம் அவருக்கானது. கடைகள் இருந்த காலத்திலும் அந்த வருகை நிற்கவில்லை.

கலை ரசிகர்களுக்கு இது அவமானமாகப் பட்டது. சிற்பங்களை ஏணி போட்டு மறைத்துவிட்டார்கள், ஆணி அடித்தார்கள், வயர் இழுத்தார்கள், புகை படிந்தது என்றார்கள். எல்லாம் உண்மை. கடைக்காரர்களின் பிழைப்பு என்ற ஒரே வாதத்தால் இதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. 2018 பிப்ரவரி 2-ஆம் தேதி இரவு கோயிலுக்கு உள்ளே வீரவசந்தராயர் மண்டபத்தில் கடைகளிலிருந்து பற்றிய தீ மேல்தளக் கல்லைப் பிளந்து விழச் செய்தது. கருங்கல் எரியாது என்று நம்பிக்கொண்டிருந்தவர்களுக்கு அது தெரிய வேண்டியிருந்தது. பற்றிக்கொள்ளக்கூடிய சரக்கை நானூறு வயதான தூண்களுக்கு நடுவே அடுக்கிவைப்பதை அதற்குப் பிறகு எவரும் ஆதரித்துப் பேச முடியாது. கோயிலுக்குள் கடைகள் போயின. செல்போனும் தடை ஆயிற்று. 2016-ல் மதுரை ஸ்மார்ட் சிட்டிப் பட்டியலில் சேர்ந்திருந்தது. சித்திரை வீதிகளுக்குக் கல் பாவினார்கள். வடக்காவணி மூல வீதியில் காய்கறி மார்க்கெட் இருந்த இடத்தில் அடுக்குமாடி வாகன நிறுத்தம் எழுந்தது. புது மண்டபத்துக் கடைகள் அருகிலிருந்த குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. அந்தப் பழைய சத்திரத்தை இடித்துவிட்டுக் கட்டிய வணிக வளாகம் அது. சத்திரம் அல்லாத மண்டபம் சத்திரம் என்று பெயர் வாங்கி, கடைவீதியாகி, கடைசியில் அதன் கடைகள் சத்திரம் அல்லாமல் போன சத்திரத்துக்குக் குடிபோயிருக்கின்றன. இதை ஒரு கதையில் எழுதினால் செயற்கை என்று நாமே குறை சொல்லியிருப்போம்.

கடைகள் வெளியேறியது சரி என்றே நினைக்கிறேன். என் சண்டை அதற்குப் பின்னால் வருகிற வார்த்தையோடு: 'பழைய நிலைக்கு மீட்டல்'. எந்தப் பழைய நிலை? வாய்க்காலில் தண்ணீர் ஓடிய நிலையா? கிழக்கே ராயகோபுரம் அடித்தளத்தோடு நின்றுபோனது. அதை முடித்துக் கட்டுவார்களா? பக்கத்தில் ஏழு கடலையும் சிவன் காஞ்சனமாலைக்காக அழைத்த தெப்பக்குளம் தெருப் பெயராக மட்டும் மிஞ்சியிருக்கிறது. கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்று 1997-ல் ஆணை போட்ட அரசின் கண்ணெதிரேதான் லாட்ஜுகள் வளர்ந்தன. ஆக, எல்லாவற்றையும் விட்டுவிட்டு, மண்டபத்துக்குள் இருந்த மனிதர்களை மட்டும் கழித்துவிட்டால் கிடைப்பது எந்தக் காலத்தின் நிலையும் அல்ல. அது டேனியல் வரைந்த படத்தின் நிலை. அவருக்கு வெளிச்சமும் தூணும் வேண்டியிருந்தது. அளவு காட்ட நாலு மனிதர்கள் போதும்.

காலியான மண்டபம் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி அதிக தூரத்தில் இல்லை. திருமலை நாயக்கர் மகால். பேரன் சொக்கநாதன் பிடுங்கித் திருச்சிக்குக் கொண்டுபோனது போக மிஞ்சியதை, கவர்னர் நேப்பியர் 1872-க்கு முன் பழுதுபார்த்தார். 1970 வரை கோர்ட் நடந்தது. வக்கீல் குமாஸ்தாக்களும் கட்சிக்காரர்களும் வாய்தாவுக்குக் காத்திருந்த தூண்கள் அவை. பிறகு பாதுகாக்கப்பட்ட சின்னமாயிற்று. டிக்கெட்டும் ஒலி ஒளிக் காட்சியும் வந்தன. இன்று அந்தச் சுண்ணாம்புத் தூண்களில் கைக்கெட்டும் உயரம் வரை காதலர்களின் பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. காவலாளி இல்லாமல் இல்லை. ஆனால் அந்த இடத்தைத் தன் இடமாக நினைத்து அதட்டுவதற்கு அங்கே குடியிருப்பவன் ஒருவனும் இல்லை. புது மண்டபத்துத் தையற்காரர் தன் தூணில் ஆணி அடித்தார். அடுத்தவனைப் பேர் கீற விட்டிருக்க மாட்டார். இந்த இரண்டு சேதங்களும் ஒரே ரகமல்ல.

கடையும் கூட்டமும் சாமியும் இல்லாத ஒரு மதுரை மண்டபத்தைப் பரிபூரணமாகப் பார்க்க வேண்டுமென்றால் அமெரிக்காவுக்குப் போக வேண்டும். 1912-ல் மதுரைக்கு வந்த அடிலைன் பெப்பர் கிப்ஸன் என்ற பெண்மணி மதனகோபால சுவாமி கோயிலில் குவிந்துகிடந்த பழைய மண்டபத் தூண்களை விலைக்கு வாங்கினார். 1919-ல் அவர் இறந்தபின் குடும்பத்தார் அவர் நினைவாக அவற்றைப் பிலடெல்பியா கலைக் காட்சிசாலைக்குக் கொடுத்தார்கள். அங்கே மண்டபமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நார்மன் பிரவுன் 1940-ல் ஒரு புத்தகமே எழுதினார். தூசி இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, வவ்வால் இல்லை. விளக்கு எங்கிருந்து விழ வேண்டுமோ அங்கிருந்து விழுகிறது. நாம் கேட்பாரற்றுப் போட்டுவைத்ததை அவர்கள் நிமிர்த்தி வைத்தார்கள் என்பதால் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் அது பிலடெல்பியாவில் இருக்கலாம். கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே எதற்கு இன்னொரு பிலடெல்பியா?

பொறியாளர்கள் வரைபடத்தில் நடைபாதை, வாகன நிறுத்தம், கழிப்பறை, காலணி வைக்குமிடம் எல்லாம் குறித்துவிட முடியும். அவை வேண்டும், கைக்குழந்தையோடு கிராமத்திலிருந்து வரும் ஒரு பெண்ணுக்குச் சுத்தமான கழிப்பறை எந்த யாளித் தூணுக்கும் குறைந்த விஷயமல்ல. வரைபடத்தில் குறிக்க முடியாதது, மண்டபத்தில் யார் உட்காரலாம் என்பது. ஒன்றும் வாங்காமல், டிக்கெட் எடுக்காமல், வெயிலுக்கு ஒதுங்கிக் கால் நீட்டி உட்கார, கட்டுச்சோற்றை அவிழ்க்க மதுரையில் இடம் குறைந்துகொண்டே வருகிறது. வசந்த மண்டபத்தை நாயக்கர் கட்டியது வெயிலுக்காக. துணிக்கும் மண்ணெண்ணெய்க்கும் அங்கே இடமில்லை என்று சொல்லிவிட்டோம். மனிதர்களுக்கு உண்டா என்று யாரும் சொல்லவில்லை.

குன்னத்தூர் சத்திரத்தில் தையல் மிஷின்கள் இப்போது ஷட்டர் போட்ட கடைகளுக்குள் ஓடுகின்றன. சித்திரை நெருங்கினால் சமவெளி கிராமங்களிலிருந்து அழகருக்கு நேர்ந்தவர்கள் வந்து சல்லடத்துக்கு அளவு கொடுக்கிறார்கள். புது மண்டபம் எங்கே என்று கேட்டு வருகிறவர்களும் உண்டு. அவர்கள் தேடுவது கடையை.