பெரியாஸ்பத்திரிக்கு அப்பால்

ஜொகூரில் ரப்பர்த் தோட்டங்கள் நிறைந்திருந்த காலத்தில், தமிழ்க் குடும்பங்களுக்கு டாக்டர் என்றால் தோட்டத்து டிரெசர்தான். காய்ச்சலுக்கும் காயத்துக்கும் அவர் போதும். புற்றுநோய் என்றால் பெரிய ஊர் தேடிப் போக வேண்டும். இன்று ஜொகூர் பாரு சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையிலேயே புற்றுநோய்ச் சிகிச்சை கிடைக்கிறது. ஆனால், சிகிச்சை முடிந்து சிகாமாட்டுக்கோ மெர்சிங்குக்கோ திரும்பியவருக்கு நள்ளிரவில் வலி எடுத்தால்?

வலியைத் தணிப்பது பெரியாஸ்பத்திரிக்கு மட்டுமே உரிய வித்தையன்று. 1986-இல் உலகச் சுகாதார நிறுவனம் மூன்று படிகளை வகுத்தது: முதலில் சாதாரண வலி மாத்திரை, அடுத்து கொடீன் போன்றவை, கடும் வலிக்கு மார்ஃபின். கூடியவரை வாய்வழியே, வலி வரும்வரை காத்திராமல் நேரப்படி கொடுக்க வேண்டும். மலச்சிக்கலுக்கும் சேர்த்தே மருந்து எழுத வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். கிளினிக் டாக்டருக்கு இது எட்டாத வேலையல்ல.

மார்ஃபின் என்றதும் "கடைசி மருந்து" என்று வீட்டார் அஞ்சி மறுப்பதுண்டு. அந்தப் பயத்தைப் பேசித் தீர்க்க, பாட்டி காலத்திலிருந்தே குடும்பத்தை அறிந்த டாக்டரைவிடப் பொருத்தமானவர் யார்?

கோலாலம்பூரில் 1991-இல் தொடங்கிய ஹோஸ்பிஸ் மலேசியா, நோயாளியின் வீட்டுக்கே சென்று பராமரிக்கலாம் என்று காட்டியது. 2014-இல் உலகச் சுகாதாரப் பேரவை, இந்தப் பராமரிப்பை அடிப்படை மருத்துவச் சேவையோடு இணைக்க நாடுகளைக் கேட்டுக்கொண்டது. மலேசியா 2019-இல் இதற்கெனத் தேசியக் கொள்கை வகுத்தது. சிகாமாட் நோயாளி அதைப் படித்திருக்க மாட்டார். பக்கத்துக் கிளினிக்கில் மருந்துச் சீட்டு கிடைக்குமா என்பதே அவர் கேள்வி.