வேடமும் வேஷமும்

தசரா நெருங்கினால் குலசேகரன்பட்டினம் பக்கத்து ஊர்களில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது இதுதான்: “இந்த வருஷம் என்ன வேஷம்?” முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் மாலை போட்டு விரதமிருந்து, காளியாக, குரங்காக, குறவனாக, போலீஸ்காரராக வேஷம் போட்டு, ஊர் ஊராகக் காணிக்கை வாங்கிக் கோயில் உண்டியலில் சேர்ப்பார்கள். அங்கே ‘வேஷம் போட்டிருக்கார்’ என்பது மரியாதைப் பேச்சு. அதே வாய் வேறொருவரைப் பற்றி ‘என்னமா வேஷம் போடுறான்’ என்று சொன்னால் கைகலப்பில்கூட முடியலாம். ஒரே சொல் எப்படி இரண்டுக்கும் ஆனது?

வடமொழியில் வேஷம் என்றால் உடை, தோற்றம், அவ்வளவுதான். தமிழுக்கு வந்தபோது விஷம் விடமானது போல, பாஷை பாடையானது போல, வேஷம் வேடமாயிற்று. வடவெழுத்தான ஷகரம் தமிழில் சகரமாகவும் டகரமாகவும் திரியும் என்று நன்னூலிலேயே விதி உண்டு. காட்டில் அலையும் வேடனுக்கும் இதற்கும் உறவில்லை. அவன் வேட்டையோடு சேர்ந்தவன். ஆனால் திருவள்ளுவர் ‘கூடாவொழுக்கம்’ அதிகாரத்தில் பொய்த்தவசிக்கு உவமை தேடியபோது, புதருக்குப் பின்னால் ஒளிந்து பறவை பிடிக்கும் வேட்டுவனைத்தான் கொண்டுவந்து நிறுத்துகிறார்.

வேடத்துக்குத் தனிப் பொருள் கொடுத்தது சைவம். திருநீறு, உருத்திராக்கம், சடைமுடி எல்லாம் சேர்ந்தது திருவேடம். ஒருவர் நம்மைச் சேர்ந்தவர் என்று சொல்லும் அடையாளம் அது. பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சிவஞானபோதத்தின் கடைசிச் சூத்திரம், அடியாருடைய வேடத்தையும் ஆலயத்தையும் அரன் என்றே தொழச் சொல்கிறது. அன்பு மிகுந்தவர்களின் வேடம் என்று அதில் ஓர் அடைமொழி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அன்பு உள்ளே இருப்பது, வேடம் வெளியே தெரிவது. வாசலில் வந்து நிற்பவரிடம் எதைப் பார்த்துக் கும்பிடுவது?

இந்தச் சிக்கலைச் சேக்கிழார் அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே பெரியபுராணத்தில் கையில் எடுத்துவிட்டார். திருக்கோவலூர் அரசர் மெய்ப்பொருள் நாயனார். அவரிடம் போரில் தோற்றுத் தோற்றுச் சலித்த முத்தநாதன் உடலெல்லாம் நீறு பூசி, சடையைத் தூக்கிக் கட்டி, ஓலைச்சுவடிக் கட்டுக்குள் கத்தியை மறைத்துக்கொண்டு இரவில் வருகிறான். வாயில் காவலர் ஒவ்வொருவராகக் கும்பிட்டு வழி விடுகிறார்கள். கடைசி வாசலில் நிற்கும் தத்தன் மட்டும், அரசர் உறங்குகிறார், நேரம் பார்த்துப் போங்கள் என்கிறான். முத்தநாதன் கேட்கவில்லை. எங்கும் கிடைக்காத ஆகமம் ஒன்று கொண்டுவந்திருப்பதாகச் சொல்லி, அரசியை வெளியே அனுப்பச் செய்து, தான் மேலே உட்கார்ந்து அரசரைக் கீழே இருத்துகிறான். அரசர் வணங்கக் குனியும்போது குத்துகிறான்.

உள்ளே பாய்ந்து வாளை ஓங்கிய தத்தனை, விழுந்துகொண்டிருக்கும் அரசர் தடுக்கிறார். அவர் சொல்லும் காரணம் ‘நமர்’ என்ற ஒற்றைச் சொல். நம்மவர் என்று பொருள். சைவனல்லாதவன் சைவனாக நடித்து வந்தான். குத்துப்பட்டவரே அவனைச் சைவனாக்கிவிட்டார்! கொதித்து வழிமறித்த ஊராருக்கு நடுவே தத்தன் அவனைப் பத்திரமாக எல்லை தாண்டிக் கொண்டுபோய் விட்டுத் திரும்பிவந்து சொல்லும் வரை நாயனார் உயிரைப் பிடித்துவைத்திருக்கிறார்.

சொல்லாராய்ச்சிக்காரன் நின்று பார்க்க வேண்டிய இடம் ஒன்று இதில் உண்டு. முத்தநாதன் நகருக்குள் நுழையும்போது சேக்கிழார் அவன் கோலத்தைப் ‘பொய்த்தவ வேடம்’ என்கிறார். கத்தி இறங்கும் கணத்தில் அதே கோலம் ‘மெய்த்தவ வேடம்’ ஆகிவிடுகிறது. உடை மாறவில்லை, ஆளும் மாறவில்லை. முதலில் சொன்னது புலவர் கண், பிறகு சொன்னது அரசர் கண். அரசர் செத்தார் என்றும் சேக்கிழார் சொல்லவில்லை, வென்றார் என்கிறார். இன்னொரு நாயனாரான ஏனாதிநாதர் கதையும் இதே தடம்தான்: நீறு பூசியே அறியாத அதிசூரன் அன்று நெற்றி நிறையப் பூசி, கேடயத்தால் மறைத்துவந்து, வாள்வீச்சுக்கு நடுவே காட்டுகிறான். ஏனாதிநாதர் அடியாரைத் தாக்கவும் மாட்டார், நிராயுதபாணியைக் கொன்ற பழி எதிரிக்கு வரவும் விடமாட்டார். அதற்காக வாளும் கேடயமும் பிடித்தபடியே நின்று வெட்டுப்படுகிறார். இதை வாசிக்கும்போது எனக்குச் சிலிர்ப்பைவிட எரிச்சல்தான் அதிகம். தத்தனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

தத்தன் கட்சிக்கும் சைவத்திலேயே ஆள் உண்டு. திருமூலர் திருமந்திரத்தின் ஆறாம் தந்திரத்தில் தவவேடம், ஞானவேடம், சிவவேடம் என்று பிரித்துச் சொல்வதோடு, ‘அவவேடம்’ என்றே ஒரு தலைப்பும் இருக்கிறது. ஓரெழுத்து வித்தியாசத்தில் தவம் அவமாகிவிடுகிறது. வேறோரிடத்தில், ஞானமில்லாமல் சடையும் நூலும் வைத்து ஞானிபோல் நடிப்பவர்களை உண்மை ஞானிகளைக் கொண்டு அரசன் சோதிக்க வேண்டும், நாட்டுக்கு அதுதான் நல்லது என்கிறார் திருமூலர். மெய்ப்பொருளார் செய்ய மறுத்ததே இந்தச் சோதனையைத்தான்.

பௌத்தர்களுக்கு இந்தக் குழப்பம் குறைவு, ஏனென்றால் அவர்களிடம் கேள்வி இருந்தது. விநய பிடகத்தில் ஒரு கதை: நொடித்துப்போன நல்ல குடும்பத்துப் பையன், பிழைப்புக்கு வழி தெரியாமல், தானே தலையை மழித்துக் காவியைச் சுற்றிக்கொண்டு மடத்துக்குப் போகிறான். எத்தனை மழைக்காலம் ஆயிற்று என்று பிக்குகள் கேட்கிறார்கள். துறவில் மூப்பைக் கணக்கிடுவது மழைக்காலத்தை வைத்துத்தான். மழைக்காலக் கணக்கா, அது என்ன என்கிறான் அவன். உபாத்தியாயர் யார்? உபாத்தியாயர் என்றால் என்ன? அதோடு குட்டு உடைந்தது. இப்படிப்பட்டவனுக்குப் பாலியில் ‘தேய்யசம்வாசகன்’ என்று பெயர். திருட்டுத்தனமாய்ச் சேர்ந்து வாழ்பவன் என்று பிரிக்கலாம். சங்கத்தில் அவனுக்கு இடமில்லை.

நேர் எதிரான ஒரு காட்சியும் பெரியபுராணத்தில் உண்டு. உவர்மண் மூட்டையைச் சுமந்துவரும் வண்ணார் ஒருவர் மேல் மழையில் மண் கரைந்து வழிந்து, உடம்பு வெளுத்துக் கிடக்கிறது. சேரமான் பெருமாள் அதைத் திருநீற்றுக் கோலமாக எண்ணி யானையிலிருந்து இறங்கிக் கும்பிடுகிறார். பதறிப்போன அந்த மனிதர் தாம் அடிவண்ணான் என்று உண்மையைச் சொல்லிவிடுகிறார். வேடத்தை நினைவூட்டினீர் என்கிறார் அரசர். போடாத வேடத்தையும் மறுக்கும் நேர்மை எனக்கு மெய்ப்பொருளார் பொறுமையைவிடப் பெரிதாகப் படுகிறது.

பேச்சுத்தமிழ் இவ்வளவு நுணுக்கம் பார்ப்பதில்லை. வேஷதாரி, உருத்திராட்சப் பூனை என்று சொல்லிவிட்டுப் போய்விடும். மாமல்லபுரத்துப் பாறையில் முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்யும் பூனையும், காலடியில் எலிகளும் ஏழாம் நூற்றாண்டிலிருந்து நிற்கின்றன. பத்திரிகைக்குப் ‘போலிச் சாமியார்’ போதும். பாவம் போலி, இலக்கணத்தில் அதற்கு ஓர் இழுக்கும் இல்லை. அறம் என்பதற்கு அறன் வந்தால் அது கடைப்போலி, பொருள் மாறாது.

வேடமா அல்லவா என்று முடிவு சொல்ல முடியாத ஒருவரும் நம் ஊருக்கு வந்தார். 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைப் பாதிரியார் ராபர்ட் தெ நோபிலி காவி கட்டி, சந்தனம் பூசி, பூணூல் அணிந்து, மரக்கறி உண்டு, தத்துவ போதகர் என்ற பெயரில் வாழ்ந்தார். தம்மைப் பரங்கி என்று சொல்லக்கூடாது, தாம் ரோமாபுரி உயர்குலத்தவர் என்றார். மதுரையிலேயே இருந்த சக பாதிரியார் கொன்சாலோ பெர்னாண்டஸ் இதை எதிர்த்துப் புகார் எழுதினார். கோவாவில் விவாதம் நடந்தது. 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி, பூணூலும் குடுமியும் சந்தனமும் குலத்துக்கும் அந்தஸ்துக்கும் உரிய அடையாளங்கள், வழிபாட்டுச் சடங்கு கலக்காத வரை கிறிஸ்தவர்கள் அணியலாம் என்று அனுமதித்தார். ரோமாபுரி கணக்கில் அவை வெறும் உடை. வடமொழியில் வேஷம் என்ற சொல்லின் முதல் பொருளும் அதுதான். திருவேடத்தையே அரன் என்று கும்பிடும் சைவர் ஒருவரிடம் போய் இதைச் சொல்லியிருந்தால், நோபிலியை நம்மவர் என்று சேர்த்திருப்பாரோ, சோதிக்கச் சொல்லி அரசனிடம் அனுப்பியிருப்பாரோ, அவர் சேக்கிழார் கட்சியா திருமூலர் கட்சியா என்பதைப் பொறுத்தது.