பியூர் டேட்டாவின் பின்சாய்வுக் கோடு

திரையில் பெட்டிகளை வைத்துக் கோடுகளால் இணைத்து ஒலியை உருவாக்கும் காட்சிவழி நிரல்மொழிகள் பலவற்றுக்கு மூலமாக அமைந்தது, 1980களின் நடுப்பகுதியில் பாரிஸின் இர்காம் இசை ஆய்வு நிறுவனத்தில் மில்லர் பக்கெட் எழுதத் தொடங்கிய மாக்ஸ் என்னும் நிரலாகும். கணினி இசையின் முன்னோடி மாக்ஸ் மாத்யூஸின் பெயரைத் தாங்கிய அந்நிரல், 1988இல் ஃபிலிப் மனூரியின் ‘ப்ளூட்டன்’ என்னும் பியானோ இசைப்படைப்புக்குப் பயன்பட்டது. பின்னர் சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற பக்கெட், 1996இல் அதே வகை நிரல்மொழியான பியூர் டேட்டாவை அறிமுகப்படுத்தினார்.

பெட்டிகளுக்கிடையே ஓடும் செய்தியும், வலைப்பின்னல் வழியே அனுப்பப்படும் செய்தியும், வட்டில் சேமிக்கப்படும் கோப்பும் இதில் ஒரே இலக்கணத்தால் ஆனவை. சொற்களை இடைவெளி பிரிக்கும். செய்தியை அரைப்புள்ளி முடிக்கும். கோப்பைத் திறப்பது என்பது, ‘இந்த இடத்தில் இந்தப் பெட்டியை வை’ என்ற கட்டளைகளை வரிசையாக நிறைவேற்றுவதே. ஆயினும் பயனர் தம் பெட்டிக்குள்ளும் அரைப்புள்ளி இடுவதுண்டு. அங்கே அது, அடுத்து வரும் பெயரைக் கொண்ட பெறுநருக்குச் செய்தியை அனுப்பு என்று பொருள்படும். அப்படியே சேமித்தால் கட்டளை நடுவிலேயே அறுந்துபோகும் என்பதால், கோப்பில் அது \; என்று எழுதப்படுகிறது. பின்சாய்வுக் கோடு, தன்னை அடுத்து வரும் குறியின் சிறப்புப் பொருளை நீக்கி, அதை வெறும் எழுத்தாக்குகிறது. செய்திப் பெட்டியில் வந்துசேரும் முதல் மதிப்பைக் குறிக்கும் $1 என்பதும், கோப்பு திறக்கப்படும்போதே மதிப்பிடப்பட்டுவிடாதபடி \$1 என்றே சேமிக்கப்படுகிறது.

பின்சாய்வுக் கோட்டைக் கணினி எழுத்துத் தொகுதியான ஆஸ்கியில் சேர்க்கச் செய்தவர் ஐபிஎம்மின் பாப் பெமர். அல்கால் மொழியின் தருக்கக் குறிகளை இரு சாய்வுக் கோடுகளால் அமைப்பதே அவர் நோக்கம். பிற்காலத்தில் அது ஏற்ற வேலை வேறு.

பியூர் டேட்டாவின் திரைப்பகுதி டிக்கிள் என்னும் மற்றொரு மொழியில் அமைந்ததால் சிக்கல் இரட்டித்தது. அம்மொழி சொற்களைக் கட்டுவதற்கு நெளிவு அடைப்புக்குறிகளைப் பயன்படுத்துவதால், பழைய பதிப்புகளில் அவற்றையும் பின்சாய்வுக் கோட்டையும் தட்டச்சிட்டால், 92, 123, 125 என்ற எழுத்தெண்ணைக் குறிப்பிட்டு, அது கைவிடப்பட்டதாக நிரல் அறிவித்துவிடும். இது தீர்வன்று, தட்டிக்கழிப்பே.

பின்சாய்வுக் கோடு தரும் ஓர் அடுக்கு மறைப்பு போதாது என்பதே அடிப்படைக் குறை. பிரிப்பானாகிய அரைப்புள்ளியும், பயனர் எழுத்தாகவே கருதிய அரைப்புள்ளியும் கோப்பில் ஒன்றுபோலவே \; ஆகிவிடுவதால், மீண்டும் திறக்கும்போது இரண்டும் பிரிப்பானாகிவிடும். ஒரே இலக்கணத்தின் சிக்கனத்தால் மென்பொருள் சிறிதாகவும் எளிதாகவும் அமைந்தது உண்மைதான். அதற்கான விலையைக் கொடுத்தவர், தம் பெட்டியில் ஓர் அரைப்புள்ளியை எழுத்தாக வைக்க விரும்பிய பயனரே.